டேங்கரின் முதுகில் 4 இலக்க எண்... படித்துவிட்டால் உயிரும் தப்பும், வாய்க்காலும் தப்பும்!

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிகிற நேரத்தில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர் வேகன்கள் எரிந்தன. கரும்புகை பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரிந்தது. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் இருந்தவர்களை அதிகாரிகள் வெளியேற்றினார்கள். வீடுகளில் இருந்த எரிவாயு சிலிண்டர்களையும் அப்புறப்படுத்தினார்கள். சென்னை - அரக்கோணம் மார்க்கத்தில் ரயில்கள் நின்றுபோயின. நல்லவேளையாக உயிரிழப்பு ஏதுமில்லை.

பெட்ரோலியப் பொருள்களை ஏற்றும் வழக்கமான வேகன் ஒன்றில் சுமார் 70,000 லிட்டர் பிடிக்கும். ஒரே ரயிலில் இப்படி 50 வேகன்கள் வரை கோக்கப்படுகின்றன. இப்படி ஒரு டேங்க் உடைந்தால், அங்கே வந்து இறங்கும் தீயணைப்பு வீரர் முதலில் கேட்கும் கேள்வி, ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்பதுதான். அதற்கான பதில் அந்த டேங்கின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் தீயணைப்பு வீரர்கள் மட்டுமல்ல, தண்டவாளத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்களும்தான்.

சீர்காழிக்கு என்ன சம்பந்தம்?

மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழி வட்டாரத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே இது புரியும். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி வரும் ரயில் பாதையும், விழுப்புரம் - நாகப்பட்டினம் தேசிய நெடுஞ்சாலையும் இங்கே வடக்கு தெற்காகப் போகின்றன. வாய்க்கால்களோ மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிப் பாய்கின்றன. தண்டவாளத்துக்கும் சாலைக்கும் அடியில் இருக்கும் ஒவ்வொரு சிறுபாலத்தின் வழியாகவும் பாசன நீரோ வடிகால் நீரோ ஓடுகிறது. ஆகவே, பாதையில் கொட்டுவது எதுவாக இருந்தாலும் அது அங்கேயே நிற்காது. கிழக்கே இருக்கும் கடைமடை வயல்களைத் தேடிக்கொண்டு போகும்.

சீர்காழிக்காரர்கள் டேங்கரை அதிகம் பார்ப்பது தண்டவாளத்தில் அல்ல, சாலையில்தான். வடக்கே கடலூர் சிப்காட், தெற்கே காரைக்கால், நாகப்பட்டினம் என ரசாயன ஆலைகளும் எண்ணெய் வயல்களும் இருப்பதால், புறவழிச்சாலையில் பெட்ரோல், கச்சா எண்ணெய், எரிவாயு, அமிலம் என்று பலவகை டேங்கர்கள் ஓடுகின்றன. சாலை டேங்கர் என்றாலும் ரயில் டேங்கர் என்றாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான், ஆபத்தும் ஒன்றுதான்.

வேகனில் என்ன எழுதியிருக்கிறது?

ரயில் வேகனின் பக்கவாட்டில் இரண்டு விஷயங்கள் இருக்கும். முதலாவது, வேகனின் வகையைச் சொல்லும் ஆங்கில எழுத்துகள். பி.டி.பி.என். என்றிருந்தால் பெட்ரோல், டீசல், நாப்தா போன்ற திரவ எரிபொருள்களுக்கான டேங்க். பி.டி.பி.ஜி.எல்.என். என்றிருந்தால் அழுத்தத்தில் அடைத்த சமையல் எரிவாயு. இதை ஒருபோதும் நெருங்கக் கூடாது.

இரண்டாவது, 11 இலக்க எண். முதல் 2 இலக்கம் வேகன் வகை, அடுத்த 2 எந்த ரயில்வேக்குச் சொந்தம், அடுத்த 2 தயாரித்த ஆண்டு, அடுத்த 4 அந்த வேகனின் வரிசை எண், கடைசி இலக்கம் எண் சரிதானா என்று சோதிப்பதற்கு. ஆபத்தான சரக்குகளை ரயிலில் ஏற்றுவதற்கென்றே ‘ரெட் டாரிஃப்’ என்ற தனி விதித் தொகுப்பு இருக்கிறது.

தண்டவாளத்தில் கசிவைப் பார்த்துத் தகவல் சொல்லும்போது, ‘சீர்காழி பக்கத்தில்’ என்று மட்டும் சொன்னால் போதாது. தண்டவாளம் நெடுக நிற்கும் மின்கம்பங்களில் கிலோமீட்டர் எண்ணும், அதன் கீழே கம்பத்தின் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். அந்த இரண்டையும் சொன்னால் இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும். பக்கத்தில் கேட் இருந்தால் கேட் எண்ணையும் சொல்லலாம். ஆனால், எண்ணைப் பார்ப்பதற்காகத் தண்டவாளத்தில் ஏறக் கூடாது. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அது அறுந்து தொங்கினாலும் உயிரோடுதான் இருக்கிறது என்று நினைத்து விலக வேண்டும். அந்தப் பக்கம் மோட்டார் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவதும் கூடாது.

சாலை டேங்கரின் பலகை

சாலை டேங்கரில் படிக்க வேண்டிய தகவல் இன்னும் தெளிவாக இருக்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியில் இரண்டு பக்கமும் பின்னாலும் ஆக மூன்று இடங்களில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். சரக்கின் பெயர், வகை எண், சாய்சதுர வடிவில் அபாயக் குறி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண், சரக்கை அனுப்பியவரின் விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டருக்கும், வகை எண் 100 மில்லிமீட்டருக்கும் குறையாத உயரத்தில் எழுதப்பட வேண்டும். அபாயக் குறி 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. தூரத்தில் நின்றே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அளவுகள்.

சாய்சதுரத்தின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சிவப்பில் தீச்சுவாலை என்றால் தீப்பற்றும். வெள்ளையில் மண்டையோடு என்றால் நச்சு. மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் கையில் திரவம் சொட்டும் படம் என்றால் அரிக்கும் அமிலமோ காரமோ. மஞ்சளில் வளையத்தின் மேல் சுவாலை என்றால், தான் எரியாவிட்டாலும் மற்றதை எரியத் தூண்டும்.

இவற்றோடு 4 இலக்க எண் ஒன்றும் இருக்கும். இது ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிபுணர் குழு வகுத்த முறை. அதன் முதல் பரிந்துரைகள் 1956-ல் வெளிவந்தன. எந்த நாட்டில், எந்த மொழியில் எழுதினாலும் எண் மாறாது. நம் பக்கம் பார்க்க வாய்ப்புள்ள சில எண்கள்:

1203 – பெட்ரோல்
1202 – டீசல்
1223 – மண்ணெண்ணெய்
1267 – கச்சா எண்ணெய்
1075 – சமையல் எரிவாயு
1005 – அம்மோனியா
1017 – குளோரின்
1073 – திரவ ஆக்சிஜன்
1789 – ஹைட்ரோகுளோரிக் அமிலம்
1824 – காஸ்டிக் சோடா கரைசல்
1830 – கந்தக அமிலம்

வாய்க்காலுக்காக எழுதிய ஓர் எழுத்து

பல டேங்கர்களில் இந்த எண்ணுக்கு மேலே ‘3 ஒய் இ’ என்பதுபோல ஒரு சிறு குறியீடும் இருக்கும். ‘ஹேஸ்கெம்’ என்று பெயர். பிரிட்டன் தீயணைப்புத் துறையில் தோன்றியது. பெட்ரோலுக்கு 3 ஒய் இ. சமையல் எரிவாயுவுக்கு 2 ஒய் இ.

முன்னால் இருக்கும் எண், எதைக் கொண்டு தீயை அணைப்பது என்று தீயணைப்பு வீரருக்குச் சொல்கிறது. 1 என்றால் தண்ணீரைப் பாய்ச்சலாம், 2 என்றால் தூவலாக அடிக்க வேண்டும், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே படக் கூடாது. கடைசியில் ‘இ’ என்ற எழுத்து இருந்தால், சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவதைப் பற்றி உடனே யோசிக்க வேண்டும் என்று பொருள்.

விவசாயிக்கு முக்கியமானது நடு எழுத்து. பி, ஆர், எஸ், டி ஆகிய நான்கில் ஒன்று என்றால், கொட்டியதை ஏராளமான தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து கழுவிவிடலாம். அதைத் தீயணைப்புத் துறையினர்தான் செய்ய வேண்டும். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்று ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி நான்கில் ஒன்று என்றால், கொட்டியது சாக்கடையிலோ நீர்நிலையிலோ இறங்கவே கூடாது, தடுத்து நிறுத்த வேண்டும். பெட்ரோலும் டீசலும் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் வருகின்றன. ‘கடைசி நான்கு எழுத்து என்றால் மடையை அடை’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பொலி தூற்றத் தெரிந்தால் போதும்

2015 ஜூன் மாதம் பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டம் தோராஹாவில், பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட டேங்கரிலிருந்து அம்மோனியா கசிந்தது. 6 பேர் இறந்தார்கள். 100-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். யூரியா தயாரிக்கப் பயன்படும் அதே அம்மோனியாதான். ஐஸ் தொழிற்சாலைகளிலும் இருக்கிறது. சாதாரணமாக இது காற்றைவிட லேசானது. ஆனால், திரவமாகக் கொட்டும்போது வெண்புகையாகத் தரையோடு தவழும். கண்ணையும் நுரையீரலையும் முதலில் தாக்கும்.

இங்கே உதவுவது காற்றின் திசை. பொலி தூற்றிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதர் எந்தப் பக்கம் பறக்குமோ அந்தப் பக்கம்தான் வாயுவும் போகும். ஆகவே பதர் பறக்கும் திசையில் ஓடக் கூடாது. காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் திசைக்குப் போய்விட வேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அம்மோனியாவுக்கு ஓரளவு உதவும்.

சமையல் எரிவாயுவின் குணம் வேறு. அது காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப்போலவே பள்ளம் பார்த்துப் பாயும். வாய்க்கால், குட்டை, கிணற்றுக்குழி என்று தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். ஒளிந்துகொள்ள வாய்க்காலில் இறங்குவது அதனால்தான் ஆபத்து. 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளாவின் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் எரிவாயு டேங்கர் விபத்தில் 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. தண்ணீரைத் தொடர்ந்து தூவி, சுற்றுப்புறத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தீப்பொறி எழாமல் பார்த்துக்கொண்டதால் ஓர் உயிரும் போகவில்லை.

வயலில் தீப்பொறி என்றால் பீடி, சிகரெட் மட்டுமல்ல. மோட்டார் ஸ்டார்ட்டரைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி வரும். டிராக்டர், பவர் டில்லர், டீசல் இன்ஜின் எல்லாமே பொறிதான். வாயு வாடை வந்தால் ஓடுகிற மோட்டாரை நிறுத்தப் போகாமல், அப்படியே விட்டுவிட்டு நடந்தே விலகுவது நல்லது.

எவ்வளவு தூரம்? அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகள் பயன்படுத்தும் அவசரக்கால வழிகாட்டிக் கையேடு, டேங்கர் தீப்பிடித்திருந்தால் பெட்ரோல், டீசலுக்கு எல்லாப் பக்கமும் 800 மீட்டர், சமையல் எரிவாயுவுக்கு 1,600 மீட்டர் விலகச் சொல்கிறது.

குடத்தோடு ஓடியவர்கள் திரும்பவில்லை

2017 ஜூன் 25, ரம்ஜானுக்கு முந்தைய நாள். பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. பக்கத்துக் கிராமத்து மக்கள் கேன், குடம், வாளியோடு ஓடி வந்து பெட்ரோலை அள்ளினார்கள். அப்போது தீப்பிடித்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் கருகி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்கும் ஏழை மக்கள். இலவசமாகக் கிடைத்த சில லிட்டர் பெட்ரோலுக்கு அவர்கள் கொடுத்த விலை உயிர்.

டேங்கர் காலி என்று டிரைவர் சொன்னாலும் நெருங்கக் கூடாது. திரவம் இறங்கிய பிறகு டேங்கில் நிற்பது எரியும் ஆவி. நிறைந்த டேங்கைவிட அது எளிதில் வெடிக்கும்.

குறி பொய் சொன்னால்...

2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகான்டிக் ஊரில் கச்சா எண்ணெய் ரயில் தடம்புரண்டு எரிந்து 47 பேர் இறந்தார்கள். அந்த எண்ணெய், அதன் உண்மையான அபாயத்தைவிடக் குறைந்த அபாயம் உள்ளதாக வகைப்படுத்தப்பட்டிருந்தது என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அதன் பிறகுதான் வட அமெரிக்காவில் பழைய மாதிரி டேங்க்குகளை ஒதுக்கி, கெட்டியான சுவர் கொண்ட புதிய மாதிரியைக் கொண்டுவந்தார்கள். பலகையில் பெயின்ட் உரிந்திருப்பது, பழைய சரக்கின் எண்ணை மாற்றாமல் விடுவது போன்றவை சின்ன விஷயங்கள் இல்லை. நம் ஊர் டீக்கடை ஓரத்தில் எண்ணே தெரியாத டேங்கர் தினமும் நின்றால், அதைப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிப்பது ஊருக்குச் செய்யும் நன்மை.

வயலில் எண்ணெய் பாய்ந்த பிறகு...

எண்ணெய் பரவிய வயல் எப்படி இருக்கும் என்பது டெல்டாவுக்குத் தெரியாததல்ல. 2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்ததை யாரும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட நிலை பற்றி விவசாயிகளுக்கு எழக்கூடிய கேள்விகளும் பதில்களும் இதோ.

டீசல் வாய்க்காலில் இறங்கிவிட்டது. முதலில் என்ன செய்வது?

முதலில் 112-க்குத் தகவல். பிறகு, விபத்து நடந்த இடத்திலிருந்து தொலைவில், கிழக்கே இருக்கும் வயல்களின் மடைகளை மண் வைத்து அடைக்க வேண்டும். வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைப்பதை நிறுத்த வேண்டும். கால்நடைகளை அந்தத் தண்ணீரில் இறக்கக் கூடாது. பெட்ரோல், எரிவாயு என்றால் மடையை அடைக்கக்கூடப் போகாமல் விலகிவிட வேண்டும்.

வயலுக்குள்ளேயே வந்துவிட்டால்?

எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக மிதந்து, நீருக்குள் காற்று கரைவதைத் தடுக்கும். பயிரின் தண்டிலும் இலையிலும் ஒட்டிக் கருக்கும். வடித்து விட்டால் அடுத்தவர் வயலுக்குப் போகும். அதனால் வரப்பைக் கெட்டிப்படுத்தி, எண்ணெயை அந்த வயலிலேயே நிறுத்த வேண்டும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியபோது வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் போனது. அப்படி ஒரு மழைக்காலத்தில் எண்ணெய் கொட்டினால் சேதம் பல ஊர்களுக்குப் போகும் என்பதால், மழைக்கு முன்பே மிதக்கும் எண்ணெயை அகற்றுவது முக்கியம். தீ அபாயம் இல்லை என்று தீயணைப்புத் துறை சொன்ன பிறகு, வைக்கோலைப் பரப்பி எண்ணெயை உறிஞ்ச வைக்கலாம். அந்த வைக்கோலை மாட்டுக்குப் போடவோ, கொளுத்தவோ, குப்பைக்குழியில் சேர்க்கவோ கூடாது. தனியாகக் குவித்து அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும்.

மண் மறுபடி பழைய நிலைக்கு வருமா?

வரும், ஆனால் காலம் பிடிக்கும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றில் திறமையானவற்றைத் தேர்ந்தெடுத்து, டெல்லியில் உள்ள டெரி நிறுவனம் ‘ஆயில்ஜாப்பர்’ என்ற நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியிருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் கசிவு நடந்த நிலங்களில் அதைப் பயன்படுத்துகின்றன. மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுப்பதும் இந்த நுண்ணுயிர்களுக்கு உதவும்.

இழப்பீடு யாரிடம் கேட்பது?

1991-ம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, ஆபத்தான பொருள்களைக் கையாளும் உரிமையாளர் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வண்டியில் கொண்டு செல்வதும் கையாள்வதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல், விபத்து நடந்த 5 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். சொத்துச் சேதத்துக்கும் இது பொருந்தும். இந்த நிவாரணம் சிறிய தொகைதான். பெரிய சேதத்துக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். அங்கும் 5 ஆண்டுக் கணக்கு உண்டு.

இரண்டு இடத்திலும் கேட்கப்படும் கேள்வி, ‘முன்பு மண் நன்றாக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்பதுதான். அதனால் மண்வள அட்டையையும் பாசன நீர்ப் பரிசோதனை முடிவையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விபத்து நடந்த அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, தூரத்தில் நின்று புகைப்படமும் எடுத்து வைக்க வேண்டும்.

பஞ்சகவ்யா கலக்க பழைய ரசாயன டிரம் வாங்கலாமா?

டேங்கரில் இருக்கும் அதே சாய்சதுரக் குறியும் 4 இலக்க எண்ணும் பழைய டிரம்களிலும் ஒட்டியிருக்கும். மண்டையோடு இருந்தால் எவ்வளவு கழுவினாலும் தண்ணீருக்கோ தீவனத்துக்கோ இடுபொருளுக்கோ பயன்படுத்தக் கூடாது. சுவாலைக் குறி இருந்த இரும்பு டிரம்மை வெல்டிங் வைத்தோ கட்டர் போட்டோ வெட்டக் கூடாது. மிச்சமிருக்கும் ஆவி வெடித்துவிடும். லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கும் டிரம்மை வாங்காமல் இருப்பதே நல்லது.

மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்க...

எல்லா அவசரத்துக்கும் 112. தீயணைப்பு 101. ஆம்புலன்ஸ் 108. ரயில்வே 139. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

அழைத்ததும் சொல்ல வேண்டியவை நான்கு: எந்த இடம், டேங்கில் எழுதிய 4 இலக்க எண், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கொட்டுவது எந்த வாய்க்காலில் இறங்குகிறது. முதல் இரண்டை அந்த வழியாகப் போகிறவர் யாரும் சொல்லிவிடலாம். கடைசி இரண்டையும் சரியாகச் சொல்ல, அந்த மண்ணில் பயிர் செய்கிறவரால்தான் முடியும்.